யார் பிள்ளை? நத்ரா வழக்கிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம்



நம்மவர்களிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. பள்ளிவாசல் திண்ணையிலோ, கல்யாண வீட்டுப் பந்தலிலோ, அறிமுகமில்லாத ஒரு பையனைக் கண்டால் அவனுடைய பெயரைக்கூட நாம் முதலில் கேட்பதில்லை. "நீ யாரு மவன்? எந்த ஊரு? யாரு வூட்டுப் புள்ளை?" என்றுதான் கேட்போம். விடை வந்ததும், "அப்படியா! உன் வாப்பிச்சாவை எனக்குத் தெரியுமே" என்று சொல்லி முதுகைத் தட்டிக் கொடுப்போம். கடல் கடந்து வந்து பிழைத்த நம் முன்னோருக்கு இக்கேள்வி ஒரு பாலமாக இருந்தது. கேட்பவனையும் சொல்பவனையும் ஒரே ஊரின் தெருவுக்குக் கொண்டுபோய் நிறுத்தும் கேள்வி அது.

ஆனால் இக்கேள்விக்கு விடை இல்லாத பிள்ளைகளும் நம் நடுவில் இருக்கிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. நம் சங்கத்தின் மாலை வகுப்புக்கு ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். வயது பதினைந்து இருக்கும். ஒரு நாள் நம் பெரியவர் ஒருவர் வழக்கம்போலவே அவனிடம் கேட்டார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் யாரு மவனும் இல்லீங்க" என்றான். உடனிருந்த நாம் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டோம். மறுநாள் அவன் வரவில்லை. மூன்று வாரம் வரவில்லை. வாப்பா வேறு குடும்பம் கட்டிக்கொண்டு போய்விட்டார், உம்மா அக்கரையில் வேலை, இவன் தூரத்து உறவான ஒரு கிழவியின் வீட்டில் தூங்குகிறான் என்பதெல்லாம் பிறகே நமக்குத் தெரிந்தது.

அந்தச் சிரிப்புக்கு நாம் பொறுப்பாளிகள். அதனால்தான் இவ்விதழின் பாடத்துக்கு இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம். அதைத் தெளிவாக விளங்கிக்கொள்ள, 1950-ஆம் ஆண்டில் பாலத்துக்கு அக்கரையில், சிங்கப்பூரில், உலகமே பார்க்க நடந்த ஒரு வழக்கை முதலில் நினைவுபடுத்துவோம். "இவள் யார் பிள்ளை?" என்ற கேள்விக்காகப் பதினெட்டு உயிர்கள் போன வழக்கு அது.

பெற்ற தாயும் வளர்த்த தாயும்

மரியா ஹெர்டோக் என்ற பெண் குழந்தை 1937-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24-ஆம் தேதி, ஜாவாத் தீவில் பாண்டுங் நகருக்கு அருகிலுள்ள சிமாஹியில் பிறந்தாள். தகப்பனார் டச்சு இராணுவத்தில் பணியாற்றியவர். தாயார் அடலின், ஜாவாவிலேயே வளர்ந்த யுரேஷியப் பெண்மணி. குழந்தைக்குக் கத்தோலிக்க முறைப்படி ஞானஸ்நானம் செய்யப்பட்டது.

1942-இல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்தபோது தகப்பனார் யுத்தக் கைதியானார். சம்பாதிப்பவர் சிறையில், வீட்டிலோ வரிசையாகச் சிறு குழந்தைகள். அவ்வாண்டு முடிவில் ஆறாவது குழந்தையும் பிறந்தது. அச்சமயத்தில்தான் மரியா, பாட்டியாருக்குச் சிநேகிதியான ஆமினா பின்தி முகம்மது என்ற மலாய்ப் பெண்மணியின் கைக்கு வந்தாள். ஆமினா, திரங்கானு மாநிலத்துக் கெமாமானைச் சேர்ந்தவர். குழந்தைக்கு அப்போது ஐந்து வயது.

எந்த முறையில் அவள் கைமாறினாள் என்பதில் இரு தாய்மாரும் இருவிதமாகச் சொன்னார்கள். சில நாட்கள் வைத்திருக்கவே அனுப்பினேன், பிறகு ஜப்பானியர் என்னையும் முகாமில் அடைத்துவிட்டனர் என்றார் பெற்றவர். வளர்த்துக்கொள்ளும்படி தத்தாகவே தந்தார்கள் என்றார் வளர்த்தவர். எழுத்து மூலமான பத்திரம் ஒன்றும் இவ்வழக்கைத் தீர்த்து வைக்கவில்லை. யுத்தகாலத்தில் பசியோடு நின்ற குடும்பங்கள் பிள்ளைகளைக் கைமாற்றியபோது யார் பத்திரம் எழுதினார்கள்?

யுத்தம் முடிந்ததும் ஜாவாவில் சுதந்திரப் போராட்டம் மூண்டது. வெள்ளைத் தோலுடைய குழந்தைக்கு அங்கே பாதுகாப்பில்லை. 1947-இல் ஆமினா அவளை அழைத்துக்கொண்டு தம் சொந்த ஊரான கெமாமானுக்கு வந்து சேர்ந்தார். மரியா இப்போது நத்ரா. மலாய் பேசினாள், மலாய் உடை உடுத்தாள், தொழுதாள், ஓதினாள். ஆமினாவே அவளுக்கு உம்மா.

இதற்கிடையில் பெற்றோரும் அவளை மறந்துவிடவில்லை. கைதியாயிருந்து மீண்ட தகப்பனாரும் தாயாரும் ஹாலந்துக்குத் திரும்பிய பிறகும் அவளைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். 1949-இல் திரங்கானுவிலிருந்த ஒரு பிரிட்டிஷ் அதிகாரி மூலம் அவள் இருக்குமிடம் தெரியவந்தது. இருவரில் எந்தத் தாயையும் கொடியவள் என்று சொல்ல இக்கதையில் இடமில்லை என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

கோர்ட்டும் கலகமும்

1950 ஏப்ரலில் ஆமினாவும் நத்ராவும் சிங்கப்பூருக்கு அழைத்து வரப்பட்டனர். டச்சுக் கான்சலின் விண்ணப்பத்தின் பேரில், உயர்நீதிமன்ற உத்தரவுப்படி, நத்ரா சமூகநல இலாகாவின் பொறுப்பில் ஒரு விடுதியில் வைக்கப்பட்டாள். மே மாதம், பிள்ளையைப் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. உம்மாவை விட்டுப் போகமாட்டேன் என்று பெண் அழுதாள். ஆமினா அப்பீல் செய்தார். வழக்கு நடத்தப்பட்ட முறையில் குறையிருந்ததால், ஜூலை 28-ஆம் தேதி அப்பீல் கோர்ட்டு அத்தீர்ப்பைத் தள்ளியது. பெண் ஆமினாவிடம் திரும்பினாள்.

நான்கே நாட்களில், ஆகஸ்டு 1-ஆம் தேதி, பதின்மூன்று வயது நத்ராவுக்கும் மன்சூர் அதாபி என்ற 22 வயது ஆசிரியருக்கும் நிக்காஹ் நடந்தது. பெற்றோர் மீண்டும் கோர்ட்டுக்குப் போனார்கள். டிசம்பர் 2-ஆம் தேதி நீதிபதி பிரௌன் தீர்ப்புச் சொன்னார். பெண்ணின் சட்டநிலை தகப்பனாரின் தேசமாகிய ஹாலந்தைச் சேர்ந்தது. அந்நாட்டுச் சட்டப்படி 16 வயது ஆகாத பெண் மணமுடிக்க முடியாது. ஆகவே திருமணம் செல்லாது. பிள்ளை பெற்றோருக்கே உரியவள் என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்புக்குப் பிறகு பெண்ணைத் தாம்சன் ரோட்டிலிருந்த ஒரு கன்னிமாடத்தில் வைத்தார்கள். முஸ்லிமாக வளர்ந்த ஒரு சிறுமி கன்னிமாடத்தில் நிற்கும் படங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. ஊரே கொதித்தது. சிங்கப்பூர் முஸ்லிம் லீக்கின் தலைவரும், நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசில் ஆலோசகராயிருந்தவரும், தமிழ் முஸ்லிமுமாகிய கரீம் கனி சாஹிப் அவர்கள் நத்ராவுக்காக ஏற்பட்ட நடவடிக்கைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அவர் நடத்திய 'டான்' பத்திரிகை இவ்விஷயத்தை இடைவிடாமல் எழுதியது. ஆக, இவ்வழக்கில் நம்மவர்களின் கையும் இருந்தது.

டிசம்பர் 11-ஆம் தேதி கோர்ட்டு நடவடிக்கை சில நிமிடங்களில் முடிந்தது. ஆமினாவுக்கு அனுகூலமாக ஒன்றும் நடக்கவில்லை. வெளியே கூடியிருந்த ஆயிரக்கணக்கானோர் கலகத்தில் இறங்கினர். ஐரோப்பியராகவோ யுரேஷியராகவோ தோன்றியவர்கள் தாக்கப்பட்டார்கள். 13-ஆம் தேதி வரை நீடித்த அக்கலகத்தில் 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர். நூற்றுக்கு மேற்பட்ட வாகனங்கள் சேதமாயின. ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. கரீம் கனி உள்ளிட்ட பலர் காவலில் வைக்கப்பட்டனர். கலகம் நடந்துகொண்டிருக்கும்போதே, பெற்ற தாயுடன் நத்ரா ஹாலந்துக்கு விமானமேற்றப்பட்டாள்.

பின்னர் என்ன ஆயிற்று?

கொடி பிடித்தவர்கள் வீடு திரும்பினார்கள். பத்திரிகைகள் வேறு செய்திக்குப் போய்விட்டன. ஆனால் அந்தப் பெண் வாழவேண்டியிருந்ததே! அவள் மறந்துபோன பாஷையில், குளிர் தேசத்தில், தான் அறியாத அண்ணன் தங்கைகளோடு வாழத் தொடங்கினாள். மீண்டும் மரியா ஆனாள். 1956-இல் ஒரு டச்சுக்காரரை மணந்து பத்துப் பிள்ளைகளுக்குத் தாயானாள். அவ்வாழ்வும் அமைதியாக அமையவில்லை. 1976-இல் கணவரைக் கொல்லச் சதி செய்ததாக அவள்மீது வழக்கு வந்து, குற்றவாளியல்ல என்று விடுவிக்கப்பட்டாள். பின் விவாகரத்து. அமெரிக்காவில் சிலகாலம் வாழ்ந்துவிட்டு ஹாலந்துக்கே திரும்பி, 2009-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி, 72-ஆவது வயதில் இரத்தப் புற்றுநோயால் காலமானாள். வளர்த்த ஆமினா 1976-இலேயே கெமாமானில் காலமாகிவிட்டார்.

இப்போது சற்று நின்று யோசிப்போம். இச்சிறுமிக்காகக் கான்சல் வந்தார், வக்கீல்கள் வாதாடினார்கள், நீதிபதிகள் தீர்ப்பெழுதினார்கள், பத்திரிகைகள் முழங்கின, ஊர்வலம் போயிற்று, உயிர்களும் போயின. இத்தனை பேர் சூழ்ந்திருந்த பிள்ளையைக் கவனிப்பாரற்ற பிள்ளை என்று சொல்லலாமா? சொல்லலாம் என்பதே நம் அபிப்பிராயம். ஒரு சாரார் அவளைத் தங்கள் தேசத்தின் உடைமையாகக் கண்டனர். மறு சாரார் தங்கள் மார்க்கத்தின் மானமாகக் கண்டனர். உம்மாவை விட்டுப் பிரியமாட்டேன் என்று அவள் அழுதது எல்லாருக்கும் கேட்டது. ஆனால் எந்தத் தீர்ப்பையும் அது நிர்ணயிக்கவில்லை. நம் பக்கத்திலும் குற்றம் உண்டு. பதின்மூன்று வயதுக் குழந்தைக்கு அவசரமாக நடத்திய நிக்காஹ், அவள் வயதையும் மனத்தையும் எண்ணிச் செய்யப்பட்டதா, அல்லது வழக்கில் வெல்லச் செய்யப்பட்டதா? 75 ஆண்டுகளுக்குப் பிறகாவது இதை நாம் நமக்குள் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

கேட்கப்பட்ட ஒரு பிள்ளை

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம் நம் சரித்திரத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஸைத் இப்னு ஹாரிதா (ரலி) அவர்கள் சிறு பையனாக இருக்கையில் கொள்ளைக்காரரிடம் சிக்கி, சந்தையில் விற்கப்பட்டு, கதீஜா நாயகி மூலம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து சேர்ந்தார். நபித்துவத்துக்கு முந்திய காலம் அது. பிள்ளையைத் தேடித் தேடி அலைந்த தகப்பனார் ஹாரிதா கடைசியில் மக்காவில் அவர் இருப்பதை அறிந்து, மீட்புப் பணத்தோடு வந்தார். பணம் வேண்டாம், பையனையே கேட்போம், அவன் உங்களோடு வர விரும்பினால் அழைத்துப் போங்கள் என்பதே நாயகம் அவர்கள் சொன்ன முடிவின் கருத்து. ஸைத் கேட்கப்பட்டார். தாம் வளர்ந்த இடத்திலேயே இருக்க விரும்புவதாகச் சொன்னார். அவர் எவ்வளவு அன்பாக நடத்தப்படுகிறார் என்று கண்ட தகப்பனார் மனம் ஆறித் திரும்பினார்.

அதன்பின் அவர் ஸைத் இப்னு முஹம்மது என்றே அழைக்கப்பட்டார். பிற்காலத்தில் வளர்ப்புப் பிள்ளைகளை அவரவர் தகப்பனாரின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்ற இறைக்கட்டளை வந்தபோது, மீண்டும் ஸைத் இப்னு ஹாரிதா ஆனார். பெயர் மாறியது, பாசம் மாறவில்லை. அவருடைய மகன் உஸாமாவும் அதே வீட்டின் செல்லப் பிள்ளையாகவே வளர்ந்தார்.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, பிள்ளை யாருக்குப் பிறந்தது என்ற உண்மையை மறைக்கலாகாது. அது பிள்ளையின் உரிமை. மற்றொன்று, இரத்த சம்பந்தம் இல்லை என்பதற்காக வளர்ப்பின் பாசம் குறையவேண்டியதில்லை. நத்ராவுக்கு இவ்விரண்டில் ஒன்றைப் பறித்துத்தான் மற்றதைக் கொடுக்கமுடியும் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். அவள் இரண்டையுமே இழந்தாள்.

தகப்பனை முகம் காணாமலும், ஆறு வயதில் தாயை இழந்தும், எட்டு வயதில் பாட்டனாரை இழந்தும், பெரிய தந்தை அபூதாலிபின் வீட்டில் வளர்ந்தவர்கள் நாயகம் அவர்கள். யதீமைப் பற்றிய போதனைகள் நம் மார்க்கத்தில் இவ்வளவு விரிவாக இருப்பதில் வியப்பென்ன?

ஜொகூரில் இன்று

நத்ராவின் பெற்றோரைப் பிரித்தது யுத்தம். நம் பிள்ளைகளை இன்று பெற்றோரிடமிருந்து பிரிப்பது எது?

நம் முன்னோர் காலத்தில் அது 'சபர்' என்ற பிரயாணம். சபுராளியான தகப்பன் இங்கே கடையில். மனைவி மக்கள் ஊரில். மணியார்டரும் கடிதமுமே அப்பிள்ளைகளுக்கு வாப்பா. இப்போது நிலைமை தலைகீழாகியிருக்கிறது. குடும்பம் இங்கேதான் இருக்கிறது. ஆனாலும் பிள்ளைக்குப் பெற்றோர் கிடைப்பதில்லை. 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தின்மீதும், 1998-இல் வந்த இரண்டாவது பாலத்தின்மீதும் நாள்தோறும் லட்சக்கணக்கானோர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். விடிவதற்கு முன்பே, பிள்ளை தூங்கும்போதே, மோட்டார் சைக்கிளை மிதித்துக் கிளம்ப வேண்டும். இரவில் நெரிசலில் நின்று வீடு வந்து சேரும்போது பிள்ளை மறுபடியும் தூங்கியிருக்கும், அல்லது வீட்டிலேயே இராது. மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய், கூலாய் வட்டாரங்களில் இப்படிப்பட்ட வீடுகளை நாம் எண்ணி முடியாது. வெள்ளிக்காசுக்கும் ரிங்கிட்டுக்கும் உள்ள வித்தியாசம் வீட்டுக் கடனை அடைக்கிறது. அந்த வித்தியாசத்துக்கான விலையைப் பிள்ளை கொடுக்கிறது. இதைச் சொல்வது அவ்வுழைப்பாளிகளைக் குறைகூற அல்ல. அவர்கள் பாடுபடுவது பிள்ளைக்காகவே.

முன்பு தோட்டத்து லயத்திலோ, பழைய கடைத்தெருவிலோ இப்படி ஒரு வீடு காலியாயிருந்தால், பக்கத்து வீட்டுப் பாட்டி சோறு போடுவாள். எதிர்க்கடை மாமா அதட்டி அனுப்புவார். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் தாமான்களாக மாறியபோது, ஜனங்கள் சிதறினார்கள். அந்தப் பாட்டியும் மாமாவும் எங்கேயோ போய்விட்டார்கள். இரும்புக் கதவு போட்ட வீட்டில் பையன் தனியே இருக்கிறான். அத்துடன் தாய் தகப்பன் பிரிந்த வீடு, மறுமணத்தால் பிள்ளை வேண்டாதவனான வீடு, பிறப்புப் பத்திரமே சரியாக இல்லாத வீடு என்று பலவகை உண்டு. நம் நாட்டில் 12 வயதில் பிள்ளைகள் அடையாள அட்டை எடுக்கிறார்கள். பத்திரம் இல்லாத பிள்ளை அன்றைக்கே, தான் மற்றவர்களைப் போன்றவன் அல்ல என்று அறிந்துகொள்கிறான்.

இத்தகைய பிள்ளை என்ன செய்யும்? தனக்கென்று ஒரு குடும்பத்தைத் தேடிக்கொள்ளும். நாம் திறக்காத கதவை வேறொருவன் திறப்பான். உள்துறை அமைச்சு 2013-இல் 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தபோது, அவற்றிலிருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர் என்ற செய்தி வந்தது. நாம் தலைகுனிந்தோம். ஆனால் அக்கும்பல்கள் பையனை எப்படி அழைக்கின்றன என்று கவனித்தோமா? 'தம்பி' என்று அழைக்கின்றன. தலைவனை 'அண்ணன்' என்று சொல்லச் சொல்கின்றன. அடிபட்டால் ஆள் அனுப்புகின்றன. பசித்தால் சாப்பாடு வாங்கித் தருகின்றன. கத்தி பிறகே வருகிறது. உறவுமுறையே முதலில் வருகிறது. நம் கையிலிருந்த ஆயுதத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெண்பிள்ளையானால், கைத்தொலைபேசியில் இனிக்கப் பேசுகிற முகம் தெரியாதவனிடம் அதே உறவைத் தேடிப் போகிறாள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இவ்விஷயத்தில் சட்டங்களைத் தெரிந்துகொள்வது எல்லாப் பெற்றோருக்கும் அவசியம்.

2001-ஆம் ஆண்டின் சிறுவர் சட்டப்படி, 18 வயதுக்குக் குறைந்த எவரும் சிறுவரே. பெற்றோரால் கவனிக்கப்படாத பிள்ளையைப் பாதுகாப்புக்கு உரிய பிள்ளையாக அச்சட்டம் கருதுகிறது. தகுந்த கண்காணிப்பின்றிப் பிள்ளையை விட்டுச் செல்வது குற்றம். 2016-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இதற்கு 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பிள்ளை துன்புறுத்தப்படுவதாக நம்பக் காரணமிருந்தால், குடும்பத்தாரும் பிள்ளை பராமரிப்போரும் வைத்தியரும் அதை அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். 15999 என்ற 'தாலியான் காசே' தொலைபேசி எண்ணிலும் சமூகநல இலாகாவுக்குத் தகவல் சொல்லலாம்.

வளர்ப்புப் பிள்ளைகள் விஷயத்தில் 1952-ஆம் ஆண்டிலேயே இரண்டு சட்டங்கள் வந்தன. முஸ்லிம் அல்லாதாருக்குரியது ஒன்று. முஸ்லிம்களும் பயன்படுத்தக்கூடிய தத்துப் பதிவுச் சட்டம் மற்றொன்று. இதன்படி, குறைந்தது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து தம்மிடம் வளர்ந்த பிள்ளையைப் பதிவு செய்துகொள்ளலாம். அதனால் வம்சம் மாறாது, வாரிசுரிமை வராது. ஆனால் பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு யாருடையது என்பது எழுத்தில் நிற்கும். இவ்வாறு வளர்ந்த பிள்ளைக்கு ஹிபாவாகவும், சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வஸிய்யத்தாகவும் கொடுக்க மார்க்கம் இடம் தருகிறது. ஆமினாவின் கையில் தெளிவான ஒரு தாள் இருந்திருந்தால் என்று எண்ணிப் பாருங்கள். அக்காள் பிள்ளையையோ, தம்பி பிள்ளையையோ வாய்ப்பேச்சில் வாங்கி வளர்ப்பவர்கள் நம்மில் அநேகர். அவர்கள் தாமதியாமல் இதைச் செய்ய வேண்டும்.

பெற்றோர் பிரிந்தால் பிள்ளை யாரிடம் இருப்பது? நம் நாட்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டங்களில், விவரம் அறியும் பருவத்தை அடைந்த பிள்ளை, கோர்ட்டு வேறுவிதமாக உத்தரவிடாவிட்டால், தாயோடு இருப்பதா தகப்பனோடு இருப்பதா என்று தானே தெரிவு செய்துகொள்ளலாம் என்ற விதி உள்ளது. ஐக்கியநாட்டுச் சபையின் 1989-ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமை உடன்படிக்கையில் மலேசியா 1995-இல் சேர்ந்தது. அதன் 12-ஆவது விதி, தன்னைப் பற்றிய முடிவுகளில் பிள்ளையின் கருத்துக்குச் செவிசாய்க்க வேண்டும் என்கிறது. 20-ஆவது விதி, குடும்பத்தை இழந்த பிள்ளைக்குரிய ஏற்பாடுகளில் ஒன்றாக இஸ்லாத்தின் 'கஃபாலா' முறையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஸைதிடம் கேட்கப்பட்டதும் நத்ராவுக்கு மறுக்கப்பட்டதுமான அந்த ஒரு கேள்வியை, இன்று சட்டமே கேட்கச் சொல்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

சட்டம் பிள்ளைக்குக் காவல் கொடுக்கும்; சோற்றுத் தட்டின் எதிரே உட்காராது. அது நம் வேலை. பெரிய திட்டங்கள் வேண்டியதில்லை. செய்யக்கூடியவற்றை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, ஒரு வேளைச் சாப்பாடு. பாலம் கடந்து வேலை செய்யும் பெற்றோர், வாரத்தில் இரண்டு வேளையேனும் பிள்ளையோடு ஒரே ஸஹனில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிர்ணயம் செய்துகொள்ள வேண்டும். அப்போது பள்ளி மார்க்கைப் பற்றிப் பேசவேண்டாம். பிள்ளை பேசுவதைக் கேட்டால் போதும்.

இரண்டாவது, ஒரு பெரியவர். பெற்றோரால் முடியாத வீட்டில், சாச்சாவோ, மாமாவோ, நானாவோ, பக்கத்து வீட்டு லாத்தாவோ ஒருவர், "இந்தப் பிள்ளைக்கு நான்" என்று பொறுப்பேற்க வேண்டும். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும் பிள்ளையை உண்மையில் ஒருவரும் பார்ப்பதில்லை. அப்பொறுப்பு பெற்றோருக்குத் தெரிந்து, வெளிப்படையாக நடக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

மூன்றாவது, உண்மை. வளர்ப்புப் பிள்ளையிடம் அவன் பிறப்பைப் பற்றி, அவன் வயதுக்குத் தக்கவாறு, வளர்த்தவர்களே சொல்ல வேண்டும். ஊர்வாயிலிருந்து கேட்டால் அது ஆறாத புண்ணாகிவிடும். பெற்றவர்களைத் தேடிப் பார்க்க அவன் ஆசைப்பட்டால் அதை நன்றிகெட்டதனம் என்று எண்ணாமல் கூடவே போகலாம்.

நான்காவது, பத்திரம். நம் அங்கத்தினர் குடும்பங்களில் பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத பிள்ளை இருந்தால் வெட்கப்படாமல் சங்கத்துக்குச் சொல்லுங்கள். விண்ணப்பம் எழுதவும், இலாகாவுக்குக் கூடவே வரவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஐந்தாவது, நம் நாக்கு. "யாரு மவன்?" என்பதைச் சற்றுத் தள்ளிவைத்து, "சாப்பிட்டியா தம்பி?" என்று தொடங்கிப் பார்ப்போம்.

அந்த மாலை வகுப்புப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். வகுப்புக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர் ஒருவர் அவனைச் சந்தையருகே கண்டு, ஒன்றும் விசாரிக்காமல், "வா, கடையில கணக்கு எழுத ஆளில்லை" என்று கூட்டிவந்தார். இப்போது மாலைகளில் வருகிறான். சில நாள் வருவதில்லை. வராத நாளிலும் அவர் ஒரு தட்டை மூடி எடுத்து வைக்கிறார். "வைக்கலேன்னா, அவன் வர்ற அன்னிக்கு நாம மறந்துட்டோம்னு தெரிஞ்சுடும்" என்கிறார். இப்பாடத்தை நாம் அவரிடமிருந்தே படித்தோம்.

படிப்பு வட்டத்தில் சிந்திக்கச் சில கேள்விகள்

1. நத்ரா வழக்கில் பெற்ற தாய், வளர்த்த தாய் ஆகிய இருவர் பக்கத்து நியாயங்களையும் எடுத்துரைக்க. இருவருக்கும் உறவு அறாத ஒரு முடிவை நீங்கள் கண்டிருக்க முடியுமா?

2. ஸைத் (ரலி) அவர்களின் சம்பவத்தில் தகப்பனார் ஹாரிதா மனம் ஆறித் திரும்பியது எதனால்?

3. மார்க்கத்தின் மானம், இனத்தின் மானம் என்று நாம் சொல்லும்போது, அதன் நடுவில் நிற்கும் பிள்ளையின் மனத்தைக் கேட்டிருக்கிறோமா? உங்கள் குடும்பத்தில் அப்படி நடந்த ஒன்றை நினைத்துப் பாருங்கள்; வெளியே சொல்லவேண்டியதில்லை.

4. உங்கள் தாமானில், மாலை ஏழு மணிக்குப் பெரியவர் எவரும் இல்லாத வீடுகள் எத்தனை? அப்பிள்ளைகளில் ஒருவரது பெயராவது உங்களுக்குத் தெரியுமா?

நான்காவது கேள்விக்கு விடை தெரியாதவர்கள், அடுத்த கூட்டத்துக்கு முன் தெரிந்துகொண்டு வரும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். வஸ்ஸலாம்.